உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

குடும்ப நலப் பிரசுரம்: கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது



குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டுவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு என்ன? "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும். வயித்தைக் காயப் போடு, தானா நின்னுடும்." இப்படிச் சொல்லும் பெரியவர்கள் பாசம் இல்லாதவர்கள் அல்ல. தங்கள் பெரியவர்கள் சொன்னதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள்.

இது தவறு. தவறு மட்டும் அல்ல, உயிருக்கே ஆபத்து. பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர்தான் மருந்து. அந்தத் தண்ணீரில் சரியான அளவு உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருக்க வேண்டும். கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கிறது அல்லவா? ஆனால் இந்தச் சாதாரண விஷயம் உலகத்துக்கு விளங்க ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், "ஏன் குடுக்கணும்? எப்படிக் குடுக்கணும்?" என்பது மனதில் நன்றாகப் பதியும். ஆகவே முதலில் கதை, பிறகு செய்முறை.

பேதியில் உயிர் போவது எதனால்?

நம் உடம்பின் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். சின்னக் குழந்தையின் உடம்பில் நீரின் பங்கு இன்னும் அதிகம். ரத்தம் ஓடுவதற்கும், சிறுநீர் பிரிவதற்கும், மூளை வேலை செய்வதற்கும் நீரும் உப்பும் வேண்டும். பேதியாகும்போது வெளியே போவது மலம் மட்டும் அல்ல. உடம்பின் நீரும் அதோடு உப்புகளும் சேர்ந்து போகின்றன.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் நீர் போய்விட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஒரே நாளில் இது நடந்துவிடலாம். கண் குழிந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டுவிடும். அந்த நேரத்தில் தண்ணீரையும் நிறுத்தினால் என்ன ஆகும்? வாய்க்காலில் உடைப்பெடுத்து வயல் காய்கிறது. அந்த நேரத்தில் மடையையும் அடைத்துவிட்டால் பயிர் பிழைக்குமா? அதே கதைதான்.

பழைய காலத்து வைத்தியம்

வாந்திபேதி எனப்படும் காலரா 1817-இல் வங்காளத்திலிருந்து பரவத் தொடங்கி, தேசம் தேசமாகச் சென்று, 1831-இல் இங்கிலாந்தை எட்டியது. காலையில் நன்றாக நடமாடியவர் இரவுக்குள் பிணமானார். டாக்டர்கள் திகைத்தார்கள். கெட்ட ரத்தம் என்று நினைத்து நரம்பை வெட்டி ரத்தம் வடித்தார்கள். பேதியாகிறவருக்கே பேதி மருந்து கொடுத்தார்கள். "தண்ணீர்" என்று கெஞ்சியவருக்குத் தண்ணீர் மறுத்தவர்களும் உண்டு. வைத்தியமே நோயாளியை இன்னும் வற்றச் செய்தது.

அப்போது அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்லியம் ஓ'ஷானெசி என்ற இளம் டாக்டர் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்து போயிருப்பதைக் கண்டார். "போனதைத் திருப்பிக் கொடுத்தால் போதும்" என்பது அவருடைய முடிவு. அடுத்த ஆண்டே, 1832-இல், ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைச் செய்து பார்த்தார். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் உப்பு நீரைச் செலுத்தினார். நாடியே இல்லாமல் கிடந்த அம்மாள் கண் திறந்தார், பேசினார். பிழைத்துவிட்டார் என்று நம்பி டாக்டர் அகன்றார். ஆனால் பேதி நிற்கவில்லை. போன நீரை மறுபடியும் ஊற்றுவதற்கு ஆள் இல்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு தடவை கொடுத்தால் போதாது. போகப் போகக் கொடுத்துக்கொண்டே இருக்கணும்.

லாட்டாவின் முறையில் வேறு சிலர் பிழைத்தார்கள். ஆனாலும் அக்காலத்தில் கிருமியைப் பற்றித் தெரியாது. ஊசியும் தண்ணீரும் சுத்தமாக இல்லை. ஆகவே அந்த முறை விரைவில் மறக்கப்பட்டது. ஓ'ஷானெசி பின்னர் கல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவில் தந்திக் கம்பிகள் போடும் வேலைக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

கிருமியும் விஷமும்

காலரா எப்படித் தொற்றுகிறது என்பது மெல்ல மெல்ல விளங்கியது. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர், ஒரே அடிபம்புத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கே நோய் அதிகம் வந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1884-இல் ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து, இதற்குக் காரணமான கிருமியைக் காட்டினார்.

கிருமி தெரிந்தது. ஆனால் அது குடலுக்குள் என்ன செய்கிறது? குடலின் உட்தோலை அது உரித்து எடுத்துவிடுகிறது என்று பலர் நம்பினார்கள். "உரிந்து போன குடல் எதையும் உறிஞ்சாது, வாய் வழியாகத் தண்ணீர் கொடுப்பது வீண்" என்ற எண்ணம் அதனால்தான் வேரூன்றியது.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே. வசதி குறைந்த ஆய்வுக்கூடத்தில் முயல்களின் குடலை வைத்துச் சோதித்து, 1959-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். கிருமி ஒரு விஷப் பொருளை வெளியிடுகிறது. அந்த விஷம்தான் குடலிலிருந்து நீரைக் கொட்டச் செய்கிறது. குடல் கிழிந்தோ அழிந்தோ போவதில்லை என்பதும் பிறகு உறுதியானது.

குடல் அழியவில்லை என்றால் அது நீரை உறிஞ்சவும் முடியும் அல்லவா? ஆனால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் அது போதுமான அளவு உள்ளே போவதில்லை. உப்புத் தண்ணீரைக் கொடுத்தாலும் போவதில்லை. ஏன்?

கதவும் சாவியும்

இதற்கு விடை 1960-இல் கிடைத்தது. குடலின் சுவரில் மிக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை வாசலில் உப்பு தனியாகப் போனால் கதவு திறப்பதில்லை. சர்க்கரை தனியாகப் போனாலும் திறப்பதில்லை. இரண்டும் ஜோடியாகப் போனால்தான் திறக்கிறது. கதவு திறந்து இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போய்விடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் இந்த ஜோடிக் கணக்கைப் பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னார்.

காலராவின் விஷம் இந்த வாசலைக் கெடுப்பதில்லை என்பதுதான் நமது அதிர்ஷ்டம். பேதி ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தாலும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் மறு பக்கம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் இழுத்தால் குடும்ப வண்டி நகராது. சேர்ந்து இழுத்தால் ஓடும். உப்பும் சர்க்கரையும் அப்படித்தான்.

இதற்கு முன்பே, 1953-இல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற டாக்டர் காலரா நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பார்த்து, அதைப் பற்றி எழுதியும் இருந்தார். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்பது அப்போது தெரியாததாலும், ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு இல்லாததாலும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்காவில் 1968

இந்தக் காலத்துக்குள் காலராவுக்கு நல்ல வைத்தியம் வந்துவிட்டது. ரத்தக் குழாயில் சுத்தமான உப்பு நீரை, அதாவது சலைன் பாட்டிலை ஏற்றினால் பிழைக்க வைக்கலாம். ஆனால் கிராமத்தில் பாட்டில் ஏது? ஊசி போடத் தெரிந்தவர் ஏது? கொள்ளைநோய் வந்தால் ஒரு நாளைக்கு ஒருவருக்கே பத்து லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஏழை நாட்டால் அது ஆகிற காரியமா?

அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய பங்களாதேஷில், டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் செய்தது மிக எளிய கணக்கு. நடுவில் துவாரம் உள்ள கட்டிலில் நோயாளியைப் படுக்க வைத்து, கீழே வாளி வைத்து, எவ்வளவு நீர் வெளியே போகிறது என்று அளந்தார்கள். அதே அளவுக்கு உப்பு-குளுகோஸ் கரைசலை உள்ளே கொடுத்தார்கள். 29 நோயாளிகளை வைத்துச் செய்த அந்தச் சோதனையின் முடிவு 1968-இல் வெளியாயிற்று. முதலில் அதிர்ச்சி தெளியும்வரை பாட்டில் ஏற்றிவிட்டு, பிறகு வாய்வழிக் கரைசல் கொடுத்தவர்களுக்குப் பாட்டில் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

என்றாலும் பெரிய டாக்டர்கள் பலர் தயங்கினார்கள். "ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் இருந்து கொடுத்தால் சரி, படிக்காத ஜனங்கள் கையில் இதைக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள். அதற்கும் விரைவில் பதில் கிடைத்தது.

போங்காவ் முகாம், 1971

1971-இல் பங்களாதேஷ் விடுதலைப் போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மழைக்காலம். தங்க இடமில்லை, நல்ல தண்ணீர் இல்லை, கழிப்பிடம் இல்லை. காலரா புகுந்தது. மேற்கு வங்க எல்லையில் உள்ள போங்காவ் என்ற ஊருக்கு, கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மகலனபிஸ் ஒரு சிறு குழுவோடு போனார். அவர் குழந்தை மருத்துவர். வாய்வழிக் கரைசலைப் பற்றி ஏற்கனவே ஆராய்ந்தவர்.

ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கு இரண்டே அறைகள். கட்டில் போதாமல் தரையெல்லாம் ஜனங்கள். மலத்திலும் வாந்தியிலும் முழங்கால் இட்டுத்தான் ஊசி போட வேண்டிய நிலை. அவர் குழுவில் சலைன் ஏற்றப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டே பேர். பாட்டில்களும் தீர்ந்துகொண்டு வந்தன. இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது இரண்டு நாளிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சாப்பாட்டு உப்பு மூன்றரை கிராம், குளுகோஸ் 22 கிராம், சமையல் சோடா இரண்டரை கிராம். இந்த அளவில் கல்கத்தாவில் பொட்டலங்கள் தயாராயின. பாலிதீன் பைகளில் அளந்து போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, போங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வைத்த பீப்பாய்களில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்து வைத்தார்கள்.

பிறகு, கூட இருந்த தாய், தந்தை, அக்காள், தம்பி எல்லோரிடமும் குவளையைக் கொடுத்து, "பிடிச்சுட்டு வந்து குடுத்துக்கிட்டே இருங்க. அவங்க வேணாங்கிற வரைக்கும் குடுங்க" என்ற மாதிரிச் சொல்லிவிட்டார்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் எட்டாத இடத்தில் வீட்டு மனிதர்களே வைத்தியம் பார்த்தார்கள். மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு மட்டும் சலைன் ஏற்றப்பட்டது.

எட்டு வாரத்தில் 3,700 பேருக்கு மேல் வைத்தியம் பெற்றார்கள். அதற்கு முன் அத்தகைய இடங்களில் நூறு பேரில் முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்தார்கள். இங்கே இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கரைசலின் செலவோ லிட்டருக்குச் சில பைசா.

இந்த விவரம் 1973-இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. முதலில் நம்பாதவர்களும் பிறகு நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் 1970-களிலேயே ஒரே அளவுள்ள பொட்டலத்தை ஏற்றுக்கொண்டன. அதுதான் நாம் இன்று ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் பாக்கெட். காலராவுக்கு மட்டும் அல்ல, எந்த வயிற்றோட்டத்துக்கும் இது உதவும். இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றம் இதுவாகவே இருக்கலாம் என்று லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகை 1978-இல் எழுதியது. டாக்டர் மகலனபிஸ் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

வீடு வீடாகப் போன பெண்கள்

பாக்கெட் வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கிராமத்துக்கும் அது போய்ச் சேருமா? பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் வேறு வழி தேடியது. உப்பும் வெல்லமும் எந்த வீட்டில் இல்லை? மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இந்த அளவைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்க 1980 முதல் பத்து ஆண்டுகள் பெண் ஊழியர்கள் வீடு வீடாக நடந்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கினார்கள். வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. தாயின் கையாலேயே கரைக்கச் செய்து பார்த்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்தே ஊழியருக்குச் சம்பளம்.

தாய்மார்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் குழந்தைக்குப் பேதி கண்டபோது பலர் கரைசலைக் கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தபோது இரண்டு காரணம் தெரிந்தது. ஒன்று, கற்றுக்கொடுத்த ஊழியர்களில் சிலருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் அவர்களே வேறு மருந்து தேடினார்கள். இரண்டு, வீட்டு ஆண்களிடம் யாரும் இதைச் சொல்லவே இல்லை. மனைவி கரைசல் கலக்க நினைத்தால் கணவன், "இந்த உப்புத் தண்ணியில என்ன ஆகும், போய் மாத்திரை வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார்.

பிறகு ஊழியர்களுக்கு விளக்கிக் காட்டினார்கள். சந்தையிலும் தொழுகை இடத்திலும் ஆண்களைக் கூட்டிச் சொன்னார்கள். அதன் பிறகுதான் கரைசல் கொடுக்கும் வீடுகள் கூடின. இன்று குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பதில் பங்களாதேஷ் உலகத்துக்கே முன்மாதிரி. இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள் என்று நாம் கேட்டுக்கொள்வதும் இதனால்தான்.

நம் வீட்டில் செய்வது எப்படி?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் துணை சுகாதார நிலையத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து வயதுக்குள் குழந்தை உள்ள வீட்டில் எப்போதும் இரண்டு பாக்கெட் வாங்கி வையுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலைய வேண்டாம்.

1. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

2. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் எடுங்கள். எவ்வளவு தண்ணீர் என்பது பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். சிறிய பாக்கெட்டும் இருக்கிறது, பார்த்துக் கலக்குங்கள். சொம்பு அளவு வீட்டுக்கு வீடு மாறும். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

3. பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். "இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி" என்று பிரிக்கக்கூடாது. கரைத்த பிறகு கொதிக்க வைக்கக்கூடாது. வேறு சர்க்கரை சேர்க்கக்கூடாது.

4. ஒவ்வொரு தடவை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுங்கள். இரண்டு முதல் பத்து வயது வரை அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர். பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். (இங்கே டம்ளர் என்பது 200 மில்லி.)

5. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

6. கரைத்து 24 மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பாக்கெட் கையில் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்குங்கள். கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் அது குழந்தைக்கு ஆகாது. கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள். பாக்கெட் கிடைத்தவுடன் அதற்கு மாறிவிடுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும், உப்புப் போட்ட மோரும்கூட நல்லவை.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வழக்கமான உணவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிற்றைக் காயப் போட்டால் குழந்தை இளைத்துப்போகும். அடுத்த பேதி சீக்கிரம் வரும்.

துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க் மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. இரண்டு முதல் ஆறு மாதம் வரை அரை மாத்திரை. தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றாலும் 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"கரைசல் குடுத்தும் பேதி நிக்கலையே, அப்புறம் எதுக்கு?"

நல்ல கேள்வி. ஓ.ஆர்.எஸ். உடனே பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. பேதி சில நாளில் பெரும்பாலும் தானே நிற்கும். அதுவரை உடம்பு வற்றாமல் உயிரைக் காப்பதுதான் கரைசலின் வேலை. குழந்தை சிறுநீர் கழிக்கிறதா, முகத்தில் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் கரைசல் வேலை செய்வதற்கு அடையாளம்.

"சர்க்கரை கூடப் போட்டா தெம்பு வருமில்லையா?"

வராது. சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உப்பு அதிகமானால் குழந்தைக்கு வலிப்பே வரலாம். அளவுதான் மருந்து. உலக சுகாதார நிறுவனமே பல ஆண்டு ஆராய்ந்து, 2002-இல் பழைய அளவைவிட உப்பையும் குளுகோஸையும் குறைத்துப் புதிய அளவை அறிவித்தது. நமக்குக் கிடைக்கும் பாக்கெட்டும் அந்த அளவுதான்.

"கலர், சோடா, பாட்டில் ஜூஸ் குடுக்கலாமா?"

கூடாது. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. பேதி கூடும்.

"கடையில ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக் குடுத்தா உடனே நிக்குதே?"

பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்தானது. டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையும் கொடுக்கவே கூடாது.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்:

குழந்தை துவண்டு கிடந்தால், அல்லது எழுப்பினாலும் எழாவிட்டால்;
குடிக்க முடியாவிட்டால், அல்லது குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால்;
கண் குழிந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால்;
வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பினால்;
மலத்தில் ரத்தம் இருந்தால், அல்லது காய்ச்சல் அதிகமாக இருந்தால்;
குழந்தைக்கு இரண்டு மாதம் நிரம்பாதிருந்தால்.

108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரையும், போகும் வழியிலும், குழந்தைக்கு விழுங்க முடிந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பல உயிர்கள் போவது வழியில்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை

இந்தக் கரைசல் இதுவரை ஐந்து கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் இன்றைக்கும் உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நான்கு லட்சத்துக்கும் மேல் வயிற்றோட்டத்தால் சாகிறார்கள். மருந்து இல்லாமல் அல்ல. வீட்டில் நேரத்தோடு கொடுக்காததால் போகும் உயிர்கள் அவற்றில் ஏராளம்.

பெற்ற பிள்ளையை இழக்காமல் வளர்ப்பதே குடும்ப நலத்தின் முதல் படி. கரைசல் கலக்க அம்மாவுக்கும் தெரிய வேண்டும், அப்பாவுக்கும் தெரிய வேண்டும், வீட்டில் உள்ள பாட்டிக்கும் அத்தைக்கும் தெரிய வேண்டும். இதைப் படித்து முடித்ததும் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்: பேதி கண்டால் பட்டினி போடாதே! தண்ணீரை நிறுத்தாதே! உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்த்து, போகப் போகக் கொடு!